லயத்துக்கு எத்தனை வாசல்?



சென்ற முறை கேள்வி நேரத்தில் ஈப்போ புந்தோங்கிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் பேசினார். "ஐயா, என் தங்கச்சி டிகிரி முடிச்சிட்டா. இப்ப சமூக அறிவியல்ல மாஸ்டர்ஸ் படிக்கணும்கிறா. ரப்பர் தோட்டம் மூடினதப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறாளாம். தோட்டத்துலேயே பொறந்து வளர்ந்தவங்க நாங்க. எங்க அம்மா இருபத்தெட்டு வருசம் மரம் வெட்டுனவங்க. எங்களுக்குத் தெரியாத எதை அவ பல்கலைக்கழகத்துல போயிப் படிக்கப் போறா? படிச்சா என்ன வேலை கெடைக்கும்?" என்று கேட்டார்.

நேரம் முடிந்துவிட்டதால் அன்று இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துக்கொண்டேன். அது சரியான பதில் இல்லை என்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே தோன்றியது. அதனால் இன்று முழு நேரத்தையும் அந்தக் கேள்விக்கே ஒதுக்கிக்கொள்கிறேன்.

வேலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். 'எங்களுக்குத் தெரியாததா?' என்றாரே, அதுதான் பெரிய கேள்வி. அதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டவன்தான்.

எத்தனை வாசல்?

நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். ஆசிரியராக வேலை செய்துகொண்டே நாற்பது வயதைத் தாண்டிய பிறகு முதுகலையில் சேர்ந்தேன். முதல் நாள் என் மேற்பார்வையாளர், "எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டார். "தோட்டத்து வாழ்க்கை எப்படிச் சிதைந்தது என்று எழுதப் போகிறேன். நானே அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான்" என்று பெருமையோடு சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நல்லது. உங்கள் லயத்துக்கு எத்தனை வாசல்?" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினெட்டு வருடம் வாழ்ந்த லயம். எந்த வாசலில் யார் இருந்தார்கள், யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டை இட்டது என்பதெல்லாம் நினைவிருக்கிறது. எண்ணிக்கை மட்டும் தெரியவில்லை. அடுத்து, "ஒரு வாசலுக்கு எத்தனை பேர்? தோட்டம் கைமாறியபோது எத்தனை குடும்பம் இருந்தது? அவர்கள் எங்கே போனார்கள்? வீட்டுக்காகப் பணம் வாங்கியவர்கள் எத்தனை பேர்?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் கதை இருந்தது. கணக்கு இல்லை.

வாழ்ந்தவனுக்கு அனுபவம் இருக்கும். ஆனால் தன் தோட்டத்தில் நடந்தது பக்கத்துத் தோட்டத்திலும் நடந்ததா, பேராக் முழுக்க நடந்ததா, ஏன் ஓரிடத்தில் நடந்தது இன்னோரிடத்தில் நடக்கவில்லை என்று அவனால் சொல்ல முடியாது. இளங்கலையில் பிறர் கண்டுபிடித்ததைப் படிக்கிறோம். முதுகலையில்தான் முதல்முறையாக நாமே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நாலு பேரைக் கேட்டு, பழைய தாள்களைத் தேடி, நாம் நினைத்தது தப்பென்றால் தப்பென்று ஒத்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி வேலை கொஞ்சம் வலிக்கும்.

கணக்கு எழுதியது யார்?

பேராக்கில் ரப்பரின் கதை 1877-இல் தொடங்குகிறது. கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் சர் ஹியூ லோ. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் இன்றும் நிற்கிறது. ரப்பர் பெருகுவதற்கு முன்பே கிரியான் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி பெருகி, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டபோது காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டினார்கள். அதன் பிறகு கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கொண்டு வந்தார்கள். தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று வரும் கூலிகளின் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. இவையெல்லாம் நேயர்கள் பல முறை கேட்ட செய்திகள்தான்.

நான் கேட்பது வேறு. இவற்றையெல்லாம் அந்தக் காலத்தில் எழுதி வைத்தது யார்? தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள், ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன குறைந்த கூலி என்று அவற்றில் எழுதியிருக்கும். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது துரைக்கு வேண்டிய கணக்கு. இத்தனை ஏக்கருக்கு இத்தனை கை என்ற கணக்கு. அந்தக் கைக்கு உரியவள் காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாளே, அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அங்கே இடமில்லை.

1936-ஆம் ஆண்டுக் கடைசியில் வீ. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தார். அறிக்கை மறு ஆண்டு வெளிவந்தது. அதுவும் முக்கியமான ஆவணம்தான். இருந்தாலும் சில வாரங்கள் சுற்றிப் பார்த்தவருடைய பார்வை அது. துரை பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளி என்ன பேசியிருப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

தோட்டத்தில் தங்கிப் பார்த்தவர்

நிலைமையை மாற்றியவர்களில் ஒருவர் ரவீந்திர ஜெயின். இந்தியாவைச் சேர்ந்த மானிடவியல் ஆய்வாளர். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டத்துக்காக 1962, 63-ஆம் ஆண்டுகளில் மலாயாவின் ரப்பர் தோட்டம் ஒன்றில் தங்கினார். 1970-இல் அவருடைய நூலை யேல் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தோட்டத்தின் உண்மைப் பெயரை அவர் எழுதவில்லை. ஒரு புனைபெயர்தான் வைத்திருக்கிறார். பேச்சுக் கொடுத்த தொழிலாளிக்குப் பின்னால் தொல்லை வரக்கூடாது அல்லவா? சமூக அறிவியலில் முதலில் சொல்லித் தரும் ஒழுங்கு இது.

அவர் வெறுமனே கேள்வித்தாள் கொடுத்துப் போகவில்லை. யார் யாருக்கு உறவு, எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணியோடு வந்தவர்கள், கல்யாணம் எங்கே நடந்தது, கோயில் காரியத்தில் முன்னால் நிற்பவர் யார் என்றெல்லாம் குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார். வேலை, வீடு, கடை, கோயில், பள்ளி எல்லாம் ஒரே வேலிக்குள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும்போது அங்கே உருவாகும் சமூகம் எப்படிப்பட்டது என்று காட்டினார். கங்காணியின் கையிலிருந்த தலைமை தொழிற்சங்கத்துக்காரரின் கைக்கு எப்படிப் போனது என்பதையும் அதில் படிக்கலாம். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது என்று வரலாற்று நூல் ஒரு வரியில் சொல்லிவிடும். ஆனால் ஒரு லயத்தில் அந்த மாற்றம் நடந்தபோது யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள் என்பது கூடவே தங்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

'இதெல்லாம் டாக்டர் பட்ட ஆய்வு, முதுகலையில் என்ன முடியும்?' என்று சிலர் கேட்கலாம். மலாயா பல்கலைக்கழகத்தில் சையது ஹுசின் அலி என்ற இளைஞர் முதுகலைப் பட்டத்துக்காக ஜொகூரில் கம்போங் பாகான் என்ற ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டார். அது 1964-இல் நூலாக வந்தது. மலாய்க் கிராமம் என்றால் எல்லாரும் ஒரே தட்டில் இருப்பவர்கள் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள். நிலம் உள்ளவர் யார், குத்தகைக்கு உழுபவர் யார், மதிப்பு யாருக்கு என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒரு கிராமம், ஒரு முதுகலை மாணவர், அவ்வளவுதான். பிற்காலத்தில் நாடறிந்த பேராசிரியரானவரின் தொடக்கம் அது. நம் லயங்களுக்கு அப்படி எத்தனை பேர் கிடைத்தார்கள் என்று நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

துண்டாடல்

சுதந்திரம் வரப்போகிறது என்ற நிலையில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்ற சொல் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது. அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதியது இந்த மண்ணின் தோட்டத்து மக்களைப் பற்றித்தான். தோட்டம் துண்டானால் லயம் போகும், பள்ளி போகும், கோயிலுக்கு விளக்கேற்ற ஆள் இருக்காது.

இரண்டு பேர் இரண்டு விதமாக அதை எதிர்கொண்டார்கள். ஒருவர் சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். இதை நாம் எல்லாரும் அறிவோம். இன்னொருவரை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அவர் பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அப்துல் அஜீஸ். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து 1962-இல் அறிக்கை வெளியிட்டார். எவ்வளவு நிலம் கைமாறியது, தொழிலாளர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஊகமாகப் பேசாமல் விவரங்களோடு தாளில் கொண்டு வந்தார்.

இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. சங்கம் நிலத்தை வாங்கியது. அறிக்கை, அப்படி ஒன்று நடந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. அறுபது வருடம் கழித்து ஒரு மாணவி நூலகத்தில் அதைத் திறந்து பார்க்கலாம். சாட்சி இல்லாத துயரத்தை அடுத்த தலைமுறை நம்பாது.

ஒரு சொல்லால் தோற்றவர்கள்

இப்போது நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். அந்தத் தம்பியின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இனப் பாகுபாடின்றி ஏழ்மையை ஒழிப்பது அதன் இரண்டு நோக்கங்களில் ஒன்று. கிராமப்புற மேம்பாட்டுக்குப் பெரும் பணம் ஒதுக்கப்பட்டது. சாலை, குழாய்த் தண்ணீர், மின்சாரம், மருந்தகம் என்று கம்போங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதே சாலையில் இரண்டு மைல் தள்ளி இருந்த தோட்டத்துக்கு ஏன் வரவில்லை?

எங்கள் வீட்டில் இதற்குப் பதில் ரொம்பச் சுலபம். "நம்ம தலையெழுத்து" என்பார் அம்மா. "நம்ம ஆளுங்களுக்கு ஒத்துமை இல்ல" என்பார் மாமா. கள்ளுக்கடைதான் காரணம் என்று மேடையில் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

செல்வகுமாரன் இராமச்சந்திரன், பாலா சண்முகம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-இல் 'ஏஷியன் சர்வே' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், தோட்டத் தொழிலாளர்கள் 'வரையறைகளால் தோற்கடிக்கப்பட்டவர்கள்' என்று வரும். அவர்கள் காட்டியது இதுதான்: தோட்டம் தனியார் நிலம். கம்பெனியின் சொத்து. அரசாங்கம் பணம் செலவழிக்கும் கிராமப்புறத்துக்குள் அது சேராது. வீடும் தண்ணீரும் முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொன்னது. 1966-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் இருந்தது. முதலாளியோ லாபக் கணக்கைப் பார்ப்பவர். இப்படி, காட்டுக்கு நடுவே வாழ்ந்தவர்கள் கிராமத்தாரும் இல்லை, பட்டணத்தாரும் இல்லை என்று ஆனார்கள். தலையெழுத்து என்று அம்மா சொன்னாரே, அந்த எழுத்து ஓர் அலுவலகத்துக் கோப்பில்தான் இருந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதர் எழுதிய எழுத்தை மனிதர் மாற்றலாம். தலையில் எழுதியதை யாரிடம் போய் மாற்றச் சொல்வது? ஆனால் அது கோப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, கோப்பைத் திறந்து பார்க்கவும், 'கிராமம்' என்ற சாதாரணச் சொல்லுக்கு அரசாங்கம் என்ன பொருள் கொடுத்திருக்கிறது என்று கேட்கவும் தெரிந்த ஆள் வேண்டும். மரம் வெட்டிய அனுபவம் மட்டும் அங்கே போதவில்லை.

கல்வியிலும் இப்படித்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் வந்தன. ஆனால் அந்தப் பள்ளியே எப்படிப் பிள்ளைகளை மறுபடியும் பால்மரத்தடிக்கே அனுப்பியது என்று பேராசிரியர் தி. மாரிமுத்து ஆராய்ந்து எழுதினார். பிள்ளைக்கு மூளை இல்லை என்று நாம் திட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளி எந்த நோக்கத்தில் கட்டப்பட்டது என்று அவர் கேட்டார்.

மூன்று லட்சம்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். வேண்டிய ஆளுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி கம்பெனியின் பங்குகள் மலேசியாவின் கைக்கு வந்தன. நாட்டுக்கே பெருமை. தோட்டம் லண்டனிலிருந்து கோலாலம்பூருக்குக் கைமாறியது. லயத்துக் கூரை மாறவில்லை. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. வேலையோடு வீடும் போனது. ஏனென்றால் வீடு வேலையோடு வந்தது.

1980 முதல் 2000 வரை தோட்டங்களிலிருந்து வெளியேறிய இந்தியர்கள் மூன்று லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் எண் இது. நானும் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு நல்ல முதுகலை மாணவி இதைக் கேட்டால் கைதட்ட மாட்டாள். தொழிலாளர் மட்டுமா, பிள்ளைகளும் சேர்ந்தா? தானாகப் போனவர்களும் விரட்டப்பட்டவர்களும் ஒரே கணக்கா? பேராக்கில் எத்தனை பேர்? ஆணும் பெண்ணும் ஒரே மாதிரியா பாதிக்கப்பட்டார்கள்? இப்படிக் கேட்பாள். நம் வேதனையைச் சந்தேகப்படுகிறாள் என்று சிலருக்குக் கோபம் வரலாம். சந்தேகம் இல்லை அது. நாளைக்கு ஓர் அதிகாரி இதே கேள்விகளைக் கேட்டு எண்ணைத் தூக்கி எறிவதற்கு முன்னால், நம் பிள்ளையே கேட்டுச் சரிபார்த்து வைப்பது நல்லது.

2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அதன் அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. ஆனால் 'இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது?' என்று பலர் வியந்தபோது எனக்கு வியப்பாக இல்லை. இருபது வருடமாக ஆய்வேடுகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நூலக அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. எட்டு வருடம் கழித்து, 2015-இல், தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் கதையை 'ஜகாட்' படமாகக் காட்டியபோதுதான் பலரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். படம் அழ வைத்தது. ஆய்வேடு அழ வைக்காது. அதனால் அதைப் படிப்பவர்களும் குறைவு.

மேல்சட்டை போட்ட சிலை

பத்து காஜா பக்கத்தில் கெல்லி மாளிகைக்குப் போகாத ஈப்போக்காரர் இருக்க முடியாது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் கட்டத் தொடங்கியது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதால் முடியாமல் நின்றுவிட்டது. பேய் இருக்கிறது என்பார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவோம்.

பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறதே, அதன் கூரையைப் பார்த்திருக்கிறீர்களா? சாமி சிலைகளோடு, வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு துரையின் சிலையும் நிற்கும். மாளிகை வேலை நடந்தபோது விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் மாண்டார்கள், கோயில் கட்டினால்தான் வேலைக்கு வருவோம் என்று மற்றவர்கள் கேட்டார்கள், துரையும் கட்டிக் கொடுத்தார், நன்றிக்காக அவருக்கும் சிலை வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. 1918-இல் உலகையே உலுக்கிய காய்ச்சல்தான் அது என்கிறார்கள்.

கதையாகக் கேட்டால் துரையின் நல்ல மனம் தெரிகிறது. கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் இறந்தார்கள்? அவர்களை எங்கே புதைத்தார்கள்? வேலை நிறுத்தம் என்ற சொல்லே தோட்டத்தில் பழக்கமில்லாத காலத்தில், சாமியைச் சொல்லி வேலைக்கு வர மறுத்தார்கள் என்றால் அது பக்தியா, போராட்டமா, இரண்டுமா? துரையைக் கூரையில் ஏற்றி வைத்தது நன்றியா, அல்லது 'நீயும் எங்கள் ஆத்தாவுக்குக் காவல்காரன்தான்' என்று சொல்லாமல் சொன்னதா? எனக்குப் பதில் தெரியாது. மாளிகையைப் பார்க்கப் போகும் நூறு பேரில் ஒருவராவது கோயிலுக்கு நடந்து போய் இதைக் கேட்க வேண்டும் என்று ஆசை.

அதே பேராக்கில் 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் தோட்டங்களில் கூலிக்காக நடந்த வேலை நிறுத்தங்களைப் பற்றி மைக்கேல் ஸ்டென்சன் என்ற நியூசிலாந்து வரலாற்றாசிரியர் ஒரு நூலே எழுதினார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் துரைகளின் கதை தெரியும். தங்கள் தாத்தா அந்த வாரம் எங்கே இருந்தார் என்று தெரியாது.

அந்தத் தங்கைக்கு

சரி, வேலை என்ன கிடைக்கும்? ஏமாற்ற விரும்பவில்லை. மருத்துவம், கணக்கியல் போல வாசலில் வேலை காத்திருக்காது. விரிவுரையாளர் ஆக வேண்டுமென்றால் மேலும் படிக்க வேண்டும். ஆய்வு நிறுவனங்கள், பொது இயக்கங்கள், அரசாங்க இலாகாக்கள், பத்திரிகை என்று வழிகள் உண்டு, போட்டியும் உண்டு. குடும்பத்தில் கடன் இருந்தால் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிப்பது நல்லது. நான் அப்படித்தான் படித்தேன். தாமதமாகும், ஆனால் முடியும். பேராக்கை விட்டுப் போக முடியாதென்றால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே என்ன துறை, எந்த முறையில் என்று நேரில் போய்க் கேட்கட்டும்.

ஆனால் தம்பி, ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் அம்மா இருபத்தெட்டு வருடம் மரம் வெட்டினார் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அவரிடம் யாராவது உட்கார்ந்து, தேதி போட்டு, எழுதி வாங்கியிருக்கிறார்களா? சில வருடங்களுக்கு முன் புந்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். தோட்டம் மூடியது பற்றிக் கேட்க வேண்டும் என்று பதினைந்து கேள்விகளோடு போயிருந்தேன். பாட்டி முதல் கேள்வியிலேயே என்னை நிறுத்திவிட்டார். "தோட்டம் மூடுனது இருக்கட்டும் வாத்தியாரே. கதவ மூடுனதக் கேளுங்க. அங்க நாங்க கதவ மூடுனதே இல்ல. இங்க நாலாவது மாடியில பகல்லயே மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். என் பதினைந்து கேள்வியில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை. வீடு மாறியதை மட்டுமே நான் கேட்கப் போயிருந்தேன். அடுத்த மாதம் புதுக் கேள்விகளோடு போனேன். வீடு பூட்டியிருந்தது. பாட்டி தவறிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

தாள்களும் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. பெரட்டுப் புத்தகங்கள் கிராணி அலுவலகத்தோடு போய்விட்டன. இன்னும் இருப்பவை சில. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அவற்றில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தால், தகப்பனார் தொழில் என்ற ஒரு கட்டத்தை மட்டும் ஆண்டு வாரியாகப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டாலும், அதன் பழைய பிரதிகளில் தோட்டச் செய்திகள் இருக்கின்றன. கோயில் திருவிழா நோட்டீசில் உபயக்காரர் பெயர்கள் இருக்கின்றன. குப்பை என்று எரித்துவிடாதீர்கள்.

எங்கள் தோட்டத்தில் இப்போது லயம் இல்லை. செம்பனைக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்தில் ஒரு நாள் திருவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள். தங்கை எதிலிருந்து தொடங்குவது என்று குழம்பினால், அடுத்த திருவிழாவுக்கு அவளை எங்கள் கோயிலுக்கு அழைத்து வாருங்கள். மண் சாலையின் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். 'ஏ' என்று தொடங்கும் பேராக் எண்கள் எத்தனை, 'பி' சிலாங்கூர் எத்தனை, 'டபிள்யூ' கோலாலம்பூர் எத்தனை, 'ஜே' ஜொகூர் எத்தனை என்று எழுதிக்கொள்ளட்டும். பிறகு சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து, எந்தக் காரில் வந்தவர் எந்த வாசலில் இருந்தவர் என்று கேட்கட்டும். லயத்துக்கு எத்தனை வாசல் என்று நானும் கடைசியில் அங்கேதான் எண்ணினேன். இருபத்து நான்கு.